எமன் வராத காட்சி

அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

உச்சிப்பொழுது. கடைத்தெருவில் படப்பிடிப்பு என்பதால் எங்கள் வரிசையில் பாதி ஷட்டர்கள் இறங்கியிருந்தன. எங்களுடையது பாத்திரக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கூடத்தில் கேமராவையும் விளக்குகளையும் நிறுத்திவிட்டு, கடைப்பக்கம் அண்டா குண்டான்களுக்கு நடுவில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அன்று யார் கையும் இல்லாமல் எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

வந்தவர் நடிகர். பெயர் தனபால். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கூத்துக் கலைஞர். என் நாவலைத்தான் படமாக எடுத்தார்கள். அதில் என் நைனா, அதாவது என் அப்பா வேஷம் அவருக்கு.

காட்சி சின்னதுதான். நைனா வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்க வேண்டும். டைரக்டர் பிரசன்னா, முப்பது வயதுப் பையன், மானிட்டர் முன்னால் குந்தியிருந்தான். ஆக்‌ஷன் என்றான்.

தனபால் வாசல்வரை போனார். நின்றார். இடது கையை உயர்த்தி நிலையின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இருங்க" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

"கட்! அண்ணே, டயலாக் 'போயிட்டு வரேன்'ண்ணே."

"மன்னிச்சிக்க தம்பி. வாயில அதான் வந்துச்சி."

அம்மா என் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள். "டேய் குமாரு, யாருடா அவன்?"

"நடிகர்மா."

"நடிக்கிறான், சரி. எதைப் பாத்து நடிக்கிறான்?"

என் நைனா எங்கே கிளம்பினாலும் இடது கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்களை ஒருமுறை பார்த்து, "இருங்க" என்றுதான் சொல்வார். இதை நான் நாவலில் எழுதவில்லை. பிரசன்னாவிடம் சொல்லவில்லை. என் மனைவி கலாவுக்குக்கூட இது தெரியாது.

நைனா போன நாள்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் முதல் புத்தகம் வந்த கதையைச் சொல்லியிருந்தேன். படமாக வந்த அந்த நாவலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பலர் கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நைனா போன நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் நைனா சாப்பிட்டுக் கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று "இருங்க" என்றார். போனார். திரும்பி வரவில்லை.

செஞ்சிக் கோட்டைப்பக்கம் போனதைப் பார்த்ததாக ஆடு மேய்க்கும் ஒருவர் சொன்னார். கோட்டை மலையான ராஜகிரியில் ஊரே ஏறியது. உச்சிக்குக் கீழே, பாறை பிளந்து மரப்பாலம் போட்டிருக்கிற இடத்தில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். செட்டிக்குளத்தில் முத்து எடுப்பதுபோல் மூழ்கித் தேடினார்கள். கைதிக் கிணற்றில் டார்ச் அடித்தார்கள். ஒரு குரங்கு அந்தக் கிணற்றுப் பாறைமேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

பிறகு ஆளாளுக்குப் பார்த்தார்கள். மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவில் பார்த்தேன் என்றார் ஒருவர். அனந்தபுரம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு தடவையும் அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். கொஞ்ச வருஷத்தில் பார்த்தவர்கள் குறைந்தார்கள். அம்மா கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைக் கற்றுக்கொண்டாள்.

அம்மாவின் நெற்றிப் பொட்டை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கிறார் என்றால் எங்கே? இல்லை என்றால் எப்போது? அம்மா குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண வீடுகளில் அவளை வராதே என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தாலியைத் தொட்டுக் கும்பிடத் தட்டு சுற்றி வரும்போது, அவள் நிற்கும் தூணுக்கு முன்பாகவே அது எப்படியோ திரும்பிவிடும். அம்மாவும் கவனிக்காததுபோல் பந்தி நடக்கும் பக்கம் பார்ப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

சிரிப்பு நாவல்

எழுத வந்தபோது நைனாவைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். அழுதுகொண்டே எழுதினால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஒருநாள் சும்மா, இப்படி இருந்தால் எப்படி என்று ஒன்றை யோசித்தேன். சிரிப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

என் நாவலில் நைனா மலையில் விழுந்து சாகவில்லை. பாத்திரக்கடையில் நாள் முழுக்க டங் டங் என்று தட்டிப் பார்க்கிற சத்தம் தாங்காமல் ஓடிப்போகிறார். ஒரு கூத்து ஜமாவில், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடுகிற குழுவில், சமையல்காரராகச் சேர்கிறார். ஒருநாள் எமன் வேஷக்காரர் குடித்துவிட்டு மட்டையாகிவிட, சமையல்காரருக்குக் கிரீடத்தை மாட்டி இறக்கிவிடுகிறார்கள். பல்லியைக் கண்டால் பயப்படும் மனிதர் எமனாகிவிடுகிறார். காலம் முழுக்க அதே வேஷம்.

கடைசி அத்தியாயம்தான் எல்லாரும் சிரித்தது. விடியப்போகிற நேரம். மேடையில் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி, எமன் வருகிறார் வருகிறார் என்று கூவுகிறான். எமன் வரவில்லை. மறுபடி கூவுகிறான். வரவில்லை. "எருமைக்குப் புண்ணாக்கு வெச்சிட்டு வராரு போல" என்று சமாளிக்கிறான். கூட்டம் சிரிக்கிறது. வேஷம் கட்டும் கொட்டகையில் போய்ப் பார்த்தால் எமன் வேஷத்தோடு, கிரீடத்தோடு, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருக்கிறார். எமனைக் கூட்டிப்போக எந்த எமன் வந்தானோ என்று நாவல் முடியும்.

இதைத்தான் பிரசன்னா படித்துவிட்டு வந்தான். அவனுடைய படம் வேறு மாதிரி. சொந்த வீட்டையும் சொந்தத் தெருவையும் வைத்துக் கதை எழுதும் ஒரு நாவலாசிரியன். புத்தகம் வந்ததும் அதில் தங்களைக் கண்டுகொண்ட மாமனார், மளிகைக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அம்மா எல்லாரும் அவனை அடிக்க வருகிறார்கள். நடுவில், அவன் எழுதிய அப்பாவின் கதையும் படமாக ஓடும். முழுக்க முழுக்கக் காமெடி. படம் வந்து ஓடி இப்போது டிவியிலும் போட்டுவிட்டார்கள், நீங்கள் பார்த்திருக்கலாம்.

என் வேஷத்துக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் கண்ணாடியைப்போல் ஒன்றைப் போட்டுக்கொண்டு முழிப்பார். கலா வேஷத்துக்கு வந்த பெண் எதற்கெடுத்தாலும் கத்துவாள்.

"நான் எப்ப இப்டி கத்தினேன்?" என்று கலா கத்தினாள்.

முதல் இரண்டு நாள் எங்களுக்கு எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. தனபால் வரும்வரைக்கும்.

மாலை போட்ட படம்

"இருங்க" என்று அவர் சொன்னதற்கு மறுநாள் காலை. அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே வராததால்தான் திரும்பிப் பார்த்தேன்.

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். சந்தனமாலை. கீழே சின்ன சிவப்பு பல்பு. படத்தில் தனபால், நைனாவின் மீசையோடு. ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் முந்தின சாயங்காலம், நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மாட்டியிருக்கிறார்கள். செத்துப்போனதாக நினைத்து மாலை போட்டுவிட்ட வீட்டுக்கு அப்பா திரும்பி வந்து, தன் படத்தைத் தானே பார்த்து மிரளும் காமெடிக் காட்சி அன்றைக்கு. நாவலில் இல்லை, பிரசன்னா சேர்த்தது.

எங்கள் வீட்டில் நைனாவின் படம் சுவரில் கிடையாது. மாட்டினால் மாலை போடுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். அதனால் அம்மா மாட்டவே இல்லை.

"மாலை யாரு போட்டது?" என்றாள் அம்மா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"படத்துக்கும்மா. எடுத்துடுவாங்க."

"நான் சொல்லாம யாரு போட்டது?"

நான் ஸ்டூலைப் போட்டு மாலையைக் கழற்றினேன். கழற்றும்போதுதான் கவனித்தேன். நைனாவின் வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. பித்தளைத் தகடு கிழித்தது. அங்கே முடி முளைக்காது. படத்தில் இருந்தவருக்கும் அதே இடத்தில், அதே நீளத்துக்குப் புருவம் விட்டுப்போயிருந்தது.

மேக்கப் போடும் பெண்ணிடம் ஓடினேன். "நான் வைக்கல சார். அவருதான் தோல் கலர் பென்சிலை வாங்கி அவரே கண்ணாடி பாத்து வரைஞ்சிக்கினாரு" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கழற்றிய மாலை இன்னும் என் கையில் இருந்தது.

அன்றைக்கு அவர் நடித்ததை யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நான் கடைப்பக்கம் நின்று பார்த்தேன். என்னைவிட வயதில் இளைய நைனா, என் கூடத்தில், தன் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நைனா போனபோது நாற்பத்தைந்து இருக்கும். எனக்கு இப்போது அதைவிட அதிகம். இப்படி ஒன்றை நான் அதுவரை யோசித்ததில்லை.

சாப்பாட்டு நேரம்

அம்மா அன்று மத்தியானம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். யூனிட் சாப்பாடு வேண்டாம், அந்த மனிதருக்கு இலை நம் வீட்டில் போடு என்றாள் கலாவிடம்.

தனபால் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார். சாதம், கத்திரிக்காய்க் குழம்பு, ரசம். அவர் குழம்பில் இருந்த கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். காம்பு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, சீப்பில் பல் இருப்பதுபோல.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

"திருக்கோவிலூர்ப் பக்கம்மா."

"அப்பா பேரு?"

அவர் சொன்னார். எங்களுக்குச் சம்பந்தமில்லாத பெயர்.

"இந்தக் கறிவேப்பிலைய இப்டி அடுக்கறது... யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

தனபால் இலையைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பழக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரசம்கூட வாங்காமல் இலையை மடித்தார்.

அவர் போனபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "டேய், நான் புத்தி கெட்டுப் பேசறேன்னு நெனைக்காத. அந்த ஆளுகிட்ட அவரு இருக்காரு."

"அம்மா..."

"போயி இன்னான்னு கேளு. கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. மறைக்காத."

கோட்டைக்குள்

மறுநாள் ராஜகிரி அடிவாரத்தில் வேலை. அப்பா மலையேறுவதுபோல் ட்ரோனில் எடுத்தார்கள். மதிய இடைவேளையில் தனபாலைக் காணவில்லை. கேரவனில் இல்லை. கல்யாண மகால் பக்கம் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் குதிரை லாயத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவில்லை என்றார்கள்.

அதே வெயில், அதே மலை, அதே உருவம். மறுபடியும் தேட ஆரம்பிக்கிறேனோ என்று தோன்றியது.

வெங்கடரமணர் கோயில் மண்டபத்தில் இருந்தார். ஆள் அரவமே இல்லாத நேரம். மண்டபத்தின் உள்பக்கத் தூணில், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காருங்க சார். உங்களாண்ட பேசணும்னுதான் இருந்தேன். எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"எங்க நைனாவை உங்களுக்குத் தெரியுமா?"

"சார், ஒண்ணு கேக்கறேன். உங்க கதைல கடைசி சீன்ல கட்டியக்காரன் சொல்றான் பாருங்க, எருமைக்குப் புண்ணாக்கு வெச்சிட்டு வராரு போலன்னு. அதை உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது."

"அது நான் சொன்னது சார்."

காற்று இல்லை. தூணில் ஒரு ஓணான் தலையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு இருந்தது.

அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். அவர் மீசை முளைக்காத வயதில் ஒரு ஜமாவில் சேர்ந்தாராம். அங்கே சமையல் ஒரு பெரியவர். எந்த ஊர் என்று சொல்ல மாட்டார். சந்தையில் பாத்திரம் வாங்கும்போது முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுத்தான் வாங்குவார். கறிவேப்பிலையை அடுக்குவார். எங்கே கிளம்பினாலும் "இருங்க" என்பார். ஒருநாள் எமன் வேஷக்காரருக்கு ஜன்னி கண்டுவிட்டது. ஆள் இல்லை. சமையல்கார அண்ணனுக்குத்தான் எல்லா வசனமும் மனப்பாடம், அவரை வேஷம் கட்டச் சொல்லுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து அவர்தான் எமன்.

"ஒருநாள் விடியக்காலம். ஆட்டம் முடியற நேரம். நான்தான் கட்டியக்காரன். எமதர்மராஜா வராரு, வராருன்னு கூவறேன். வரல. திரும்பக் கூவறேன். வரல. வாய்க்கு வந்தத சொன்னேன், எருமைக்குப் புண்ணாக்கு வெச்சிட்டு வராரு போலன்னு. ஜனங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன். கொட்டகைல போயி பாத்தா..."

அவர் தன் இரண்டு கைகளையும் முட்டிமேல் வைத்துக் காட்டினார்.

"கிரீடம் வெச்சி, மீசை கட்டி, முட்டி மேல கை வெச்சி உக்காந்துக்கினு இருக்காரு. தொட்டேன். சில்லுனு இருக்குது."

நாவலின் அந்தப் பக்கத்தை நான் எழுதியது என் வீட்டு மாடியில், ஒரு மழைநாளில். எழுதும்போது நானே சிரித்தேன். முட்டிமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார் என்றுதான் நானும் எழுதியிருந்தேன்.

"நீங்க அவரு புள்ளையா இருக்கும், எல்லாம் தெரிஞ்சிதான் எழுதியிருக்கீங்கன்னு நெனைச்சி இந்த வேஷத்தைக் கேட்டு வாங்கினேன். வந்தா டைரக்டர் தம்பி சொல்லுது, அது மொத்தமும் கற்பனைண்ணே, சாருக்கு அப்பா எங்க போனாருன்னே தெரியாதுன்னு. எனக்குப் பயமாயிடுச்சி. வேற யாரோ ஒருத்தர் அப்பாவைப் போயி உங்கப்பான்னு சொல்லிடக் கூடாதில்ல? அதான் அவரு மாதிரி செஞ்சி பாத்தேன். உங்கம்மா எழுந்து நின்னாங்க. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"ஏன் போனாருன்னு எப்பவாவது சொன்னாரா?"

"கேட்டிருக்கேன். எங்க ஊருல மலை என்னையே பாத்துக்கினு இருக்குதுடான்னாரு. ஒருநாள் அது மூஞ்சிக்கு நேரா போயி நின்னு பாத்தேன், அப்பவும் பாத்துக்கினுதான் இருந்துது, அப்டியே பஸ் ஏறிட்டேன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனைச்சேன். செஞ்சிப் பக்கம் ஆட்டம்னா மட்டும் வரமாட்டாரு. ரொம்ப தூரத்துல இந்த மலை கண்ணுல பட்டாலும் முதுகைக் காட்டித் திரும்பி உக்காருவாரு."

நான் அந்த மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது ராஜகிரி நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அன்று என்னால் அதைத் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே நடந்தேன்.

எங்கிருந்து வந்தது?

இதை எழுதும்போதும் அந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை.

எங்காவது கேட்டிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். விழுப்புரம் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசியிருக்கலாம். டீக்கடையில் ஒரு கூத்துக்காரர் சொல்லியிருக்கலாம். எமன் வேஷத்தோடு செத்துப்போனவர் கதை ஊர் ஊராகப் போகக்கூடிய கதைதான். காதில் விழுந்து, மறந்து, பிறகு என் கற்பனையாக வந்திருக்கலாம்.

ஆனால் பஸ்ஸையும் டீக்கடையையும் எவ்வளவு யோசித்தாலும் ஒரு முகம்கூட ஞாபகம் வரவில்லை. அந்தச் சமையல்காரரை எதற்கு என் நைனா என்று எழுதினேன் என்பதற்கும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் குடும்பத்தில் யாரைப் பற்றியும் கதை எழுதுவதில்லை. எழுதினால் நடந்துவிடும் என்ற பயம் இல்லை. நடந்தது தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அம்மாவிடம்

அம்மா கல்லாவில் இருந்தாள். நானே சொல்கிறேன் என்று தனபால் கூடவே வந்தார். வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்தார். விக் இல்லாமல் வழுக்கைத் தலை, மீசையில்லாத முகம். கலா ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

அவர் தரையில் அம்மாவின் காலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. மேடையில் தான் சொன்ன வார்த்தையையும், ஜனங்கள் சிரித்ததையும்கூட.

அம்மா அழவில்லை. ஒரு சின்ன சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி வருசம் இருக்கும்?"

"என் கல்யாணத்துக்கு முன்னம்மா. என் பொண்ணுக்கே இப்ப ரெண்டு கொழந்தைங்க."

"கூட யாராச்சும் இருந்தாங்களா? பொம்பள யாராச்சும்?"

"இல்லம்மா. தனியாதான் படுப்பாரு."

"எங்க அடக்கம் பண்ணீங்க?"

"தென்பெண்ணை ஆத்தங்கரைல எரிச்சோம். நான்தான் கொள்ளி வெச்சேன். புள்ள யாரும் இல்லன்னு நெனைச்சி."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தலையில் கையை வைத்தாள். "வெச்சியா? நல்லா இரு" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கு மிச்சப் பொழுதுக்கு அம்மா வியாபாரம் பார்த்தாள். ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அண்டா, தாம்பாளம் எல்லாம் எடுத்துப் போட்டாள்.

விஷயம் தெரிந்து பிரசன்னா வெளிறிப்போய் வந்தான். "பாட்டி, அந்த எமன் சீனைத் தூக்கிடறேன். அது காமெடியா இருக்கக் கூடாது" என்றான்.

"ஏன் தூக்கற? ஜனங்க நெஜமாவே சிரிச்சாங்களாமே. சிரிக்கட்டும். இருக்கறது இருக்கட்டும்."

அந்த வாரமே வண்டி வைத்துக்கொண்டு தென்பெண்ணைக்குப் போனோம். தனபால் இடத்தைக் காட்டினார். மணலும் கருவேலமும்தான். அய்யர் சொன்னதை நான் செய்தேன். அம்மா ஆற்றில் முழுகி எழுந்தாள். கரையேறியபோது நெற்றி வெறுமையாக இருந்தது. யாரும் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவளே கழுவிக்கொண்டாள். விபூதி பூசிக்கொண்டு வண்டியில் ஏறினாள். திரும்பும் வழியெல்லாம் நன்றாகத் தூங்கினாள். அவள் பஸ்ஸிலோ காரிலோ தூங்கி நான் பார்த்ததில்லை. எந்த ஊர் வழியாகப் போனாலும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டில் போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

கடைசி நாள்

படப்பிடிப்பு முடிந்தது. லைட்டுகளை லாரியில் ஏற்றினார்கள். சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துக் கொடுத்தார்கள். மதியம் தாண்டி தனபால் சொல்லிக்கொள்ள வந்தார்.

அம்மா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஒத்தாசை பண்ணுப்பா" என்றாள். "எமன் எப்டி கட்டினாரு அவரு? நான் பாத்ததில்லயே."

தனபால் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கட்டினது கோமாளி வேஷம்தாம்மா. ஆனா அவரு ஆடறதைத் தினம் பாத்திருக்கேன். சட்டை துணி ஒண்ணும் இல்லயே இப்ப."

"பரவால்ல. சும்மா செய்யி."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். கலாவிடம் ஒரு புடவை கேட்டு வாங்கி, சமையலறை வாசலில் திரைபோலக் கட்டினார். அதற்குப் பின்னால் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், கூப்பிடணும். எமனைக் கூப்பிட்டாத்தான் திரைய விட்டு வெளிய வரும். அதான் மொறை."

நான் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பகல் வெளிச்சத்தில் அந்தப் புடவை கொஞ்சம்கூட அசையாமல் தொங்கியது. உள்ளே ஒருவர் நிற்கிறார் என்று தெரியும். யார் நிற்கிறார் என்று அந்த நேரத்தில் என்னால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

"வாங்க" என்றாள் அம்மா.

திரை கிழிந்ததுபோல் விலகியது. அவர் குதித்த குதியில் கூடத்துத் தரை அதிர்ந்தது. ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து. எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து வாசலில் நின்றார்கள். கண்ணை உருட்டி, கையை ஓங்கி, கிறுகிறுவென்று சுற்றி அம்மாவின் முன்னால் வந்து நின்றார். கலா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அம்மா இமைக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முடித்து அவர் மூச்சு வாங்கினார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அவருக்கு இவ்ளோ பெரிய குரலா?" என்றாள் அம்மா.

"இதைவிடப் பெருசும்மா. நாலு ஊருக்குக் கேக்கும்."

அம்மா வாசல் நிலைக்கட்டையைப் பார்த்தாள்.

"வூட்ல ஒருநாளும் நான் கேட்டதில்ல" என்றாள்.